மாமியாரின் தைராய்டு மாத்திரையும் பாதாம் பிசினும்

கேள்வி: பண்ருட்டிப் பக்கம் கிராமத்தில் இருக்கிறோம். வெயில் ஏறியதிலிருந்து என் மாமியார் (வயது 62) தினமும் காலையில் எழுந்ததும் ஊறிய பாதாம் பிசினை ஒரு டம்ளர் சாப்பிடுகிறார். தைராய்டு மாத்திரையையும் (75 மைக்ரோகிராம்) அதோடு சேர்த்தே விழுங்கிவிடுகிறார். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரையும் உண்டு. முன்பு 3 என்றிருந்த டி.எஸ்.எச். (தைராய்டு சுரப்பு போதாதபோது ஏறும் ரத்த அளவு) போன மாதப் பரிசோதனையில் 9ஐத் தாண்டிவிட்டது. மாத்திரை அளவைக் கூட்டலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எனக்கோ பிசின் சாப்பிட ஆரம்பித்த பிறகு வயிறு உப்புசம், மலமும் இறுகிவிட்டது. உடல் சூட்டைத் தணிக்கும் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்? இன்னொன்றும் கேட்க வேண்டும். எங்கள் கொல்லை முந்திரி மரங்களில் பிசின் நிறைய வழிகிறது. கடையில் காசு கொடுத்து வாங்குவதற்குப் பதிலாக அதை ஊற வைத்துச் சாப்பிடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். முந்திரிப் பிசினைச் சாப்பிட வேண்டாம். முந்திரி, மா, சேராங்கொட்டை மூன்றும் ஒரே குடும்பம். முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெய் பட்டால் கை கொப்பளித்துத் தோல் உரியும் என்பதை உங்கள் ஊரில் முந்திரி உடைக்கும் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிசின் என்பது பெரும்பாலும் சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்த பொருள்தான். ஆனால் மரத்தில் வழிந்து காய்ந்த கட்டியில் பட்டைத் துணுக்கும், பட்டையின் அரிக்கும் சாறும் சேர்ந்தே இருக்கும். தளிர், பூ, பிஞ்சு என்று மூன்று பருவத்திலும் தேயிலைக் கொசு என்ற பூச்சிக்கு அடிக்கும் மருந்து அந்தக் கட்டியின் மேலும் விழுந்திருக்கும். பிரேசிலில் முந்திரிப் பிசினை உணவு, மருந்துத் தயாரிப்புக்குப் பயன்படுத்தும் ஆராய்ச்சிகள் நடந்திருப்பது உண்மை. அவர்கள் பிசினைத் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, சாராயத்தில் திரித்துப் பிரித்த பிறகே பயன்படுத்துகிறார்கள். நம் வீட்டுக் கிண்ணத்தில் அந்த வேலை நடக்காது. வேண்டுமானால் 100 கிராமைத் தட்டி 200 மி.லி. தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, துணியில் வடிகட்டிக் காகிதம் ஒட்டும் கோந்தாக வைத்துக்கொள்ளுங்கள்.

அதைவிட முக்கியமாக ஒன்று. மரத்தின் அடிப்பாகத்தில், மண்ணை ஒட்டி, பிசினோடு மரத்தூள் மாதிரி சக்கையும் சின்னச் சின்ன ஓட்டைகளும் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அது தண்டு, வேர் துளைப்பானாக இருக்கும். புழு பட்டைக்கு அடியில் சுற்றிச் சுற்றிக் குடைந்தால் இலை மஞ்சளாகி மரமே பட்டுப்போகும். இந்த நிலையில் பிசின், மரம் தன் காயத்தை மூட எடுக்கும் முயற்சி. பட்டையைச் செதுக்கிப் புழுவை எடுப்பது, பிறகு அடிமரத்தில் வேப்பெண்ணெய்க் கரைசல் பூசுவது எல்லாம் ஆரம்பத்திலேயே செய்தால்தான் பலன் தரும். விருத்தாசலம் வேளாண் ஆராய்ச்சி நிலையத்திலோ உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலோ ஒரு போட்டோவைக் காட்டிக் கேளுங்கள்.

இனி உங்கள் மாமியார் விஷயம். கடிதத்திலேயே இதுதான் என்னை உட்கார வைத்த இடம். தைராய்டு மாத்திரையில் இருக்கும் தைராக்சின் மருந்தின் அளவைக் கவனியுங்கள். 75 மைக்ரோகிராம் என்றால் ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு போட்டால்கூட அதில் ஏறக்குறைய 60 முதல் 80 சதவீதம்தான் சிறுகுடலில் உறிஞ்சப்படும். அந்தத் துளி மருந்தை ஒரு டம்ளர் கொழகொழப்புக்குள் போட்டுக் கலக்கினால் என்ன ஆகும்? ஜெல்லிக்குள் மாட்டிய மருந்தில் ஒரு பகுதி குடல் சுவரை வந்து தொடுவதற்குள் உணவுக் கூழோடு நகர்ந்து போய்விடக்கூடும். நார்ப்பொருள் நிறைந்த உணவும் நார்ப்பொருள் மருந்துகளும் தைராக்சின் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும் என்பது மருத்துவத்தில் நன்கு தெரிந்த செய்தி. கால்சியம் மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, ஏன், விடியற்காலை காபிகூட இதைச் செய்யும். பிசின் தொடங்கிய அதே காலத்தில் டி.எஸ்.எச். ஏறியிருக்கிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தச் சேர்க்கையைத்தான்.

பிசின் சாப்பிடுவதை டாக்டரிடம் சொன்னீர்களா? பெரும்பாலானவர்கள் சொல்வதில்லை. அதை மருந்தாக நினைப்பதில்லை, அதனால் கேட்டாலும் நினைவுக்கு வராது. டாக்டருக்குத் தெரியாமல் மாத்திரையை 100 ஆக்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஐப்பசி மழை வந்ததும் மாமியார் பிசினை நிறுத்திவிடுவார். அப்போது அந்த 100ம் தடையில்லாமல் உடம்பில் ஏறும். படபடப்பு, தூக்கமின்மை, எடை குறைவது, 60 வயதைத் தாண்டியவர்களுக்கு இதயத் துடிப்பு தாறுமாறாவது, எலும்பு தேய்வது என்று மறுபக்கத் தொல்லை தொடங்கும். அளவைக் கூட்டுவதற்கு முன் நேரத்தைச் சரிசெய்து பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

நேரம் இப்படி இருக்கட்டும். காலை 6 மணிக்குத் தைராய்டு மாத்திரை, வெறும் தண்ணீர் ஒரு டம்ளர், வேறெதுவும் இல்லை. 7 மணிக்குக் காபி. எட்டரைக்கு இட்லியோ தோசையோ, அதோடு மெட்ஃபார்மின். பிசின் 11 மணிக்கு. அப்போது தைராய்டு மாத்திரை போட்டு 5 மணி நேரம், மெட்ஃபார்மின் போட்டு இரண்டரை மணி நேரம் ஆகியிருக்கும். மெட்ஃபார்மினையும் சும்மா சொல்லவில்லை. கொத்தவரை விதைப் பிசினோடு சேர்த்துக் கொடுத்தபோது அதன் உறிஞ்சல் குறைந்ததைப் பார்த்திருக்கிறார்கள். வேலம் பிசினோடு அமாக்ஸிசிலின் கொடுத்தபோதும் அப்படித்தான். அதனால் வீட்டில் யாருக்காவது காய்ச்சல், தொண்டை வலி என்று ஆன்டிபயாடிக் ஓடுகிற 5 நாளும் பிசினுக்கு விடுமுறை கொடுத்துவிடுங்கள்.

உடல் சூட்டுக்கு வருகிறேன். பிசின் உடம்பின் வெப்பநிலையைக் குறைக்காது. மூளை அதை ஏறக்குறைய 37 டிகிரியில் கட்டிக் காக்கிறது. வேர்வையும் தோலின் ரத்த ஓட்டமும்தான் அதற்குக் கருவி. ஆனால் நம் ஊரில் 'சூடு' என்று சொல்லும்போது தெர்மாமீட்டர் சூட்டைச் சொல்வதில்லையே. நீர்க்கடுப்பு, மஞ்சளாக எரிந்து போகும் சிறுநீர், இறுகிய மலம், வயிற்றெரிச்சல், கண் எரிச்சல், வாய்ப்புண் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பெயர். இவற்றில் முதல் மூன்றும் பெரும்பாலும் தண்ணீர் போதாததால் வருபவை. பிசினைச் சாப்பிடுகிறவர் அதோடு அரை லிட்டர் நீரையும் உள்ளே அனுப்புகிறார், மலமும் இளகுகிறது. பலன் நிஜம்தான், அதைத் தருவது பிசின் பிடித்து வைத்திருக்கும் தண்ணீர். நம் பெரியவர்கள் குளிர்ச்சி என்று சொன்னதில் பொய்யில்லை.

ஆனால் எல்லாச் சூட்டையும் இந்தக் கணக்கில் எழுதக்கூடாது. உங்கள் மாமியாருக்குச் சர்க்கரை இருக்கிறது. அவருக்குச் சிறுநீர் போகும்போது எரிச்சல், அடிக்கடி போகத் தோன்றுவது, அடிவயிற்று வலி, காய்ச்சல் என்று வந்தால் அது சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். அரிப்போடு வெள்ளைப்படுதல் என்றால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், சர்க்கரைக்காரர்களுக்கு அது சுலபமாக வரும். டாபாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் சுலபம். இந்த இரண்டையும் 'சூடு' என்று சொல்லிப் பிசினோடு பத்து நாள் தள்ளிப்போடுவதுதான் நான் மிகவும் பயப்படுகிற தவறு.

உங்கள் வயிற்று உப்புசத்துக்கும் மலச்சிக்கலுக்கும் காரணம், பிசின் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் விளங்கிவிடும். நம் குடலில் அதைச் செரிக்கும் நொதி கிடையாது. கட்டி கட்டியாகவே பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே பாக்டீரியா அதில் ஒரு பகுதியைப் புளிக்கவைத்துச் சிறு கொழுப்பு அமிலங்களாக்குகிறது. அவை குடல் சுவருக்கு உணவு, நல்லது. கூடவே வாயுவும் வரும். பழக்கமில்லாத வயிற்றில் முதல் நாளே ஒரு டம்ளர் போட்டால் உப்பத்தான் செய்யும். ஆடைப்பாலில் கலந்து சாப்பிட்டிருந்தால், பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அந்த வாயுவும் சேரும். மலம் இறுகியதற்கு வேறு காரணம்: பிசின் பாதிதான் ஊறியிருந்திருக்கும், அல்லது மற்ற நேரத்தில் தண்ணீர் குடிக்காமல் இருந்திருப்பீர்கள். ஊறாத கட்டி தனக்கு வேண்டிய தண்ணீரைக் கிண்ணத்தில் எடுக்காவிட்டால் உங்கள் குடலில் எடுத்துக்கொள்ளும்.

ஒரு கட்டியைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெளியே கண்ணாடி மாதிரி மினுக்கும், உள்ளே தேன் நிறம், ஓரத்தில் பட்டையின் கறுப்புத் துணுக்கு ஒட்டியிருக்கும். ஒரு ஆளுக்கு முதல் வாரம் 2 கிராம் போதும், அதாவது சுண்டைக்காய் அளவில் ஒன்றிரண்டு கட்டி. கல்லில் வைத்து மிளகளவுக்கு உடைத்துக்கொள்ளுங்கள். பெரிய கட்டியாகப் போட்டால் வெளியே ஜெல்லியாகி நடுவில் கல் மாதிரி நின்றுவிடும். இரண்டு முறை கழுவி முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு, 2 கிராமுக்கு 250 மி.லி. என்ற கணக்கில் நல்ல தண்ணீர் ஊற்றி 10 முதல் 12 மணி நேரம் விடுங்கள். பாத்திரம் பெரியதாக இருக்கட்டும். காலையில் கரண்டியில் ஒரு துண்டை எடுத்து விரலால் நசுக்கிப் பாருங்கள். நெறுநெறுப்பே இல்லாமல் நசுங்கினால்தான் ஊறியது என்று அர்த்தம். நடுவில் பருக்கை தட்டினால் இன்னும் தண்ணீர் ஊற்றி நாலு மணி நேரம் விடுங்கள். அடியில் தங்கும் மண்ணையும் பட்டையையும் வடிகட்டி நீக்கிவிடுங்கள். வாரத்துக்கு ஒரு கிராமாகக் கூட்டி 5 கிராமில் நிறுத்திக்கொள்ளலாம். அதற்கு மேல் போவதால் கூடுதல் நன்மை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சாப்பிட்ட பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் கட்டாயம்.

கடலூர், புதுச்சேரி கடற்கரைப் பக்கத்து அக்கினி நட்சத்திர இரவில் சமையலறை மேடையில் 12 மணி நேரம் ஊறவைத்தால் புளித்துவிடும். சர்க்கரையும் ஈரமும் பாக்டீரியாவுக்கு விருந்து. ஃபிரிட்ஜிலேயே ஊறவையுங்கள், இரண்டு நாளில் தீர்த்துவிடுங்கள். புளித்த வாடை, ஓரத்தில் நுரை, தூக்கினால் நூலாக இழுபடுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் கொட்டிவிட வேண்டியதுதான். ஃபிரிட்ஜ் இல்லாத வீடுகளில் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்து ஊற்றுங்கள், காலையிலேயே முழுவதையும் சாப்பிட்டுவிடுங்கள்.

நாட்டு மருந்துக் கடையில் பிசின் என்று கேட்டால் எது கிடைக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். நம் தெருவில் இலை சிவந்து உதிரும் நாட்டு வாதுமை மரத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பாதாம் பருப்பு காய்க்கும் மரம் காஷ்மீர், ஈரான் மாதிரியான குளிர்ப் பிரதேசத்து மரம். அதுவும் அதன் உறவான பழ மரங்களும் தரும் பிசின் தண்ணீரில் கரையாமல் உப்பி ஜெல்லியாக நிற்கும். கருவேலம் பிசின் அப்படியில்லை, முழுக்கக் கரைந்து ஒட்டும் நீராகிவிடும். கரையா பிசின் என்றொரு ரகம் உண்டு, அதுவும் உப்பும், முகர்ந்தால் லேசாக வினிகர் வாடை அடிக்கும். குங்கிலியமும் சாம்பிராணியும் பிசின் என்ற பெயரில் ஒரே அலமாரியில் இருந்தாலும் வேறு இனம். அவை தண்ணீரில் ஊறாது, நெருப்பில் புகையும். ஒரு துண்டை இரவு தண்ணீரில் போட்டால் எது எதுவென்று காலையில் தெரிந்துவிடும். பொடியாக விற்பதை வாங்காதீர்கள், இந்தச் சோதனையெல்லாம் பொடியில் முடியாது.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்றால், ஒரு பிசினைப் பற்றிச் சொன்னதை இன்னொன்றின் தலையில் கட்டிவிடுகிறார்கள். சிறுநீரக நோயாளிகளுக்குப் பிசின் நல்லது என்று ஒரு பேச்சு உலவுகிறது. அதன் வேர், சூடானில் விளையும் வேலம் பிசினில் இருக்கிறது. 1996இல் வெளியான ஆய்வில், புரதம் குறைத்த உணவோடு தினமும் 50 கிராம் வேலம் பிசின் சாப்பிட்ட சிறுநீரக நோயாளிகளுக்கு ரத்தத்தில் யூரியா குறைந்தது, மலத்தில் நைட்ரஜன் கூடியது. பாக்டீரியா வளரும்போது யூரியாவை எடுத்துக்கொள்வதால் அப்படி. அது வேறு பிசின், அளவும் பத்து மடங்கு. இதை நம்பிச் சிறுநீரகம் பழுதானவர் பாதாம் பிசினைக் குடித்தால், தண்ணீர் கட்டுப்பாட்டில் இருப்பவருக்கு அந்த அரை லிட்டரே வினையாகிவிடும். இதயம் பலவீனமாகி நீர் கோத்தவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான்.

சர்க்கரைக்கும் அப்படியே. 1970களில் டேவிட் ஜென்கின்ஸ் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் செய்த ஆய்வுகளில், கொத்தவரை விதைப் பிசினை உணவோடு கலந்து கொடுத்தபோது சாப்பிட்ட பிறகு ஏறும் சர்க்கரை மட்டுப்பட்டது. பிசின் எவ்வளவு கெட்டியாக இருந்ததோ அவ்வளவு பலன், கெட்டித்தன்மையை உடைத்ததும் பலன் போய்விட்டது. அதாவது பிசின் சோற்றோடு கலந்து கூழாக வேண்டும். பதினொரு மணிக்குத் தனியாகச் சாப்பிடும் ஜெல்லித் துண்டு ஒன்றரை மணிச் சோற்றின் சர்க்கரையைப் பிடிக்காது. கொத்தவரங்காய்ப் பொரியலும் அந்தப் பிசினுக்கு ஈடில்லை, முற்றிய விதையில்தான் அது சேர்கிறது. மாமியாருக்கு அந்தப் பலன் வேண்டுமென்றால் சமையலில் வெந்தயம் சேருங்கள், அதன் கொழகொழப்பு இதே இனம். பிசினை நன்னாரி சர்பத்திலோ ரோஸ்மில்க்கிலோ மட்டும் கொடுக்காதீர்கள். இரண்டு மேசைக்கரண்டி பாகில் 20 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. நீர்மோரில் நாலு கரண்டி ஜெல்லி, உப்பு, ஒரு சிட்டிகை பெருங்காயம் போதும். கூட்டுப் பெருங்காயம் என்றால் அதிலேயே கொஞ்சம் வேலம் பிசின் இருக்கும்.

கடைசியாக, காய்ந்த பிசினையோ பொடியையோ யாரும் வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்கக் கூடாது. தொண்டைக்குக் கீழே உணவுக்குழாயில் நின்று உப்பினால் அடைத்துக்கொள்ளும். எடை குறைக்க விற்ற கொத்தவரைப் பிசின் மாத்திரைகள் இப்படி அடைத்ததால் அமெரிக்காவில் 1990இல் அவற்றின் மேல் நடவடிக்கை எடுத்தார்கள். பக்கவாதம் வந்தவர்கள், விழுங்கும்போது புரையேறுபவர்கள், குடலில் அறுவை சிகிச்சையோ சுருக்கமோ உள்ளவர்கள் நன்றாக ஊறியதைக்கூடத் தவிர்க்க வேண்டும். சாப்பிட்ட பின் நெஞ்சில் அடைத்து எச்சில்கூட இறங்கவில்லை என்றால் மேலும் தண்ணீர் ஊற்றித் தள்ளப் பார்க்காதீர்கள். கடலூர் அரசு மருத்துவமனையோ புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையோ, எது பக்கமோ அங்கே உடனே போங்கள். உள்நோக்குக் கருவியால் எடுத்துவிடுவார்கள்.

மாமியாருக்கு நாளைக் காலையிலிருந்தே மாத்திரையையும் பிசினையும் பிரித்துவிடுங்கள். இந்த மாற்றம் ரத்தத்தில் தெரிய 6 முதல் 8 வாரம் ஆகும். அதற்கு முன் எடுக்கும் டி.எஸ்.எச். குழப்பத்தைத்தான் தரும். டாக்டரிடம் போகும்போது பிசின் பொட்டலத்தையும், கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை ஏதாவது எடுத்துக்கொண்டால் அந்த அட்டையையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள்.